ரெட்டைக் கதவா, டெயில்கேட்டா? டென்டர் பதில்கள்

போன இதழில் டொயோட்டா லேண்ட் க்ரூசர் 60 சீரிஸ் என்ற பழைய ஜீப்பைப் பற்றி நாலு வரி எழுதினேன். போகிறபோக்கில் ‘பின்கதவைப் பார்த்து வாங்குங்கள்’ என்று ஒரு வார்த்தையையும் போட்டுவிட்டேன். எந்தக் கதவு, அதில் எதைப் பார்க்க வேண்டும் என்று எழுதவில்லை. வந்த கடிதங்கள் எல்லாம் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டே வந்திருக்கின்றன. சரி, இந்த மாதம் முழுக்கப் பின்பக்கம்தான்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு: நான் வள்ளியூர்க்காரன். ஊரில் டிங்கர், அதாவது அடிபட்ட வண்டித் தகரத்தைத் தட்டி நிமிர்த்துகிறவன். மஸ்கட் வாதி கபீரில் 24 வருஷம் அதே வேலை. அங்கே நம் ஆட்கள் ‘டென்டர்’ என்பார்கள், அரபிக்காரர்கள் ‘சம்கரி’ என்பார்கள். எஞ்சினைப் பற்றிக் கேட்டால் பக்கத்துக் கடையைக் கை காட்டுவேன். தகரம் என் பொறுப்பு.

கேள்வி: 60 சீரிஸ் இரண்டு விலைக்கு வந்திருக்கின்றன. ஒன்று 1983, பின்னால் அலமாரி மாதிரி ரெட்டைக் கதவு. மற்றது 1986, மேல்பாதியைத் தூக்கி கீழ்ப்பாதியைச் சாய்க்கிற டெயில்கேட். விலை ஏறக்குறைய ஒன்றுதான். வெள்ளிக்கிழமைகளில் குடும்பத்தோடு வாதிகளுக்கு (மலைகளுக்கு நடுவே உள்ள ஆற்றுப் பள்ளத்தாக்குகளுக்கு) போவோம். எதை எடுக்கலாம்?
– வாசகர், சீப், ஓமன்

பதில்: தம்பி, எது ‘ஒரிஜினல்’ என்று கேட்டு உங்களை யாராவது குழப்புவார்கள். அதை முதலில் தீர்த்துவிடுவோம். இரண்டுமே ஒரிஜினல். 1980-ல் வந்த 60 சீரிஸுக்கு இரண்டு விதக் கதவையும் டொயோட்டாவே போட்டு அனுப்பியது. அமெரிக்காவுக்குப் போனது டெயில்கேட். என் கடைக்கு இரண்டும் வந்தன. அடுத்து வந்த 80 சீரிஸிலும் இரண்டும் உண்டு.

எந்தக் கதவு நல்லது என்று வண்டியைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதன் பின்னால் நின்று நீங்கள் என்ன வேலை செய்யப்போகிறீர்கள் என்று பார்த்துத்தான் சொல்ல முடியும். இதை எனக்குப் புரியவைத்தது ஒரு வெள்ளாடு.

நிஸ்வாவிலிருந்து ஒரு வாடிக்கையாளர் வருவார். வயதானவர், ஆட்டு வியாபாரம். டெயில்கேட் வண்டி. வருஷத்துக்கு ஒருமுறை அந்தக் கீழ்க்கதவுக்கு நான் வேலை பார்க்க வேண்டியிருக்கும். உள்தகரம் முழுக்கக் குழி குழியாக இருக்கும், யாரோ பொடிச் சுத்தியலை வைத்து உட்கார்ந்து தட்டினது மாதிரி. என்னவென்று கேட்டால் சிரிப்பார். ஒரு வெள்ளிக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு போனார். நிஸ்வாவில் அன்றைக்குக் காலையில் ஆட்டுச் சந்தை. விற்கிறவர்கள் ஆட்டைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வட்டமாகச் சுற்றிச் சுற்றி வருவார்கள். வாங்குகிறவர்கள் இரண்டு பக்கமும் நின்று பல்லைப் பார்ப்பார்கள், மடியைப் பிடித்துப் பார்ப்பார்கள். இவர் நாலு ஆடு வாங்கினார். மூன்றை ஏற்றிவிட்டோம். நாலாவதைத் தூக்கும்போது முதலில் ஏறினது சாய்ந்திருந்த கதவில் குதித்து, அங்கிருந்து தரையில் குதித்து, கூட்டத்துக்குள் ஓடியே போய்விட்டது. குழி எப்படி வருகிறது என்று அன்றைக்குத் தெரிந்தது.

பக்கத்தில் இன்னொருவர், ரெட்டைக் கதவு வண்டி. ஒரு கதவைத் திறக்கவே இல்லை. மற்றதை ஒரு ஆள் ஒதுங்கி நுழைகிற அளவுக்கு மட்டும் திறந்து, அந்த இடைவெளியை முழங்காலால் அடைத்துக்கொண்டு, ஆட்டைக் கொம்பில் பிடித்து உள்ளே தள்ளி, அதே முழங்காலால் கதவைச் சாத்தினார். ஆறு ஆடு, ஒன்றுகூட வெளியே வரவில்லை. என் வாடிக்கையாளர் அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

ஆட்டுக்கு மட்டும் இல்லை. கேஸ் சிலிண்டர், சிமெண்ட் மூட்டை, டூல் பாக்ஸ் எதுவானாலும் ரெட்டைக் கதவில் நீங்கள் பம்பரை ஒட்டி நிற்கலாம். சுமை உங்கள் நெஞ்சோடு உள்ளே போகும். டெயில்கேட்டைச் சாய்த்தால் உங்களுக்கும் சரக்குக்கும் நடுவில் ஒரு பலகை நீட்டிக்கொண்டு நிற்கும். எட்டி வைக்க வேண்டும், எட்டி எடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு இருபது தடவை என்றால் இடுப்பு போய்விடும். ரெட்டைக் கதவில் இன்னொரு வசதி, ஒரு பை எடுக்க ஒரு கதவு போதும்.

ஆனால் நீங்கள் எழுதினது என்ன? வெள்ளிக்கிழமை, குடும்பம், வாதி. நீங்கள் சரக்கு ஏற்றவில்லை, சாப்பாடு ஏற்றுகிறீர்கள். சாய்த்த கீழ்க்கதவுதான் அங்கே மேஜை. அதுவே பெஞ்ச். பிள்ளைகள் அதில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு சாப்பிடும். தூக்கின மேல்கதவு தலைக்கு நிழல். ரெட்டைக் கதவு வண்டிக்காரர் தரையில் பாய் விரித்துச் சரளைக்கல்லை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருப்பார். பெரியவர்கள் உட்காருவதானால் கதவின் நுனியில் உட்காராமல் கொஞ்சம் உள்ளே தள்ளி உட்காருங்கள், அதில் ஏறி நிற்காதீர்கள். இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் தாங்கிகள் வளைந்து என்னிடம் வந்த வண்டிகளில் பாதி, யாரோ கதவின் மேல் ஏறி நின்று கூரையில் சாமான் கட்டினவை.

கண்ணாடியில் பின்னால் பார்ப்பதிலும் வித்தியாசம் உண்டு. ரெட்டைக் கதவில் நட்டநடுவே இரண்டு கதவின் சட்டமும் சேர்ந்து ஒரு தூணாக நிற்கும். பின்னால் வருகிற பைக் அந்தத் தூணுக்குள் ஒளிந்துகொள்ளும். பழகிவிடும் என்பார்கள். எனக்குப் பழகவில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு, உண்மையில் தீர்மானிக்கப்போவது துருதான். பழக்கம் ஒத்துவராவிட்டால் மாற்றிக்கொள்ளலாம். அரித்துப்போன தகரத்தை மாற்ற என்னைப் போல ஒருவனுக்குக் காசு கொடுக்க வேண்டும். இரண்டு வண்டியையும் காலை வெயிலில் போய்ப் பாருங்கள். ஒரு சின்ன காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொள்ளுங்கள். கதவின் அடிப்பகுதியில், கீழிருந்து ஒரு சாண் உயரம்வரை, மெதுவாக ஓட்டுங்கள். பிடித்துக்கொண்டே வந்த காந்தம் ஒரு இடத்தில் நழுவினால் அங்கே தகரம் இல்லை, ஓட்டையை மறைக்கப் பூசின பட்டி இருக்கிறது.

அடுத்து, டெயில்கேட்டைச் சாய்த்து உள்பக்க அட்டையின் ஸ்க்ரூக்களைக் கழற்றச் சொல்லுங்கள். கழற்ற மாட்டேன் என்றால் அதுவே பதில். கழற்றினால் டார்ச் அடித்து அடிமடிப்பை, அதாவது கதவின் அடியில் தகரம் மடிந்து சேர்கிற இடத்தை, பாருங்கள். மேலே கண்ணாடி ஓரமாக இறங்குகிற தண்ணீர் கதவுக்குள்தான் போகும். அது வெளியேற அடியில் சின்னத் துளைகள் உண்டு. பாதி வண்டிகளில் அந்தத் துளைகளை அடைத்தது மண் இல்லை, துருப் பிடிக்காமலிருக்க என்று அடியில் கறுப்பு கோட்டிங் அடித்த புண்ணியவான்! கதவை மூடி, அட்டை இருந்த திறப்பு வழியாக ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். சொட்டுச் சொட்டாகக் கீழே வந்தால் நல்லது. வரவே இல்லை என்றால் தண்ணீர் உள்ளே குடியிருக்கிறது. துளையைக் குத்திவிட சைக்கிள் போக்ஸ் கம்பி போதும், அதற்குள் மடிப்பு மிஞ்சியிருந்தால்.

ரெட்டைக் கதவிலும் அடிமடிப்பு அரிக்கும். கூடவே கீலையும் பாருங்கள். கதவை ஒரு சாண் திறந்து, கைப்பிடிப் பக்கம் பிடித்து மேலே தூக்கி ஆட்டுங்கள். கடகடவென்றால் கீலுக்கு நடுவில் இருக்கிற ஆணி (‘பின்’ என்போம்) தேய்ந்திருக்கிறது. லாக் கொக்கியையும் உற்றுப் பாருங்கள். கதவு தொங்கினதை மறைக்கக் கொக்கியைக் கீழே இறக்கி வைத்திருந்தால் பழைய இடத்தின் பெயிண்ட் தழும்பு மேலே தெரியும். கடைசியாக, பின்வாசலின் மூலைக்கு மூலை குறுக்கே டேப் வைத்து அளந்து, மறு குறுக்கையும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இல்லையென்றால் பின்னால் எதுவோ இடித்திருக்கிறது.

1986-ன் அடிமடிப்பு நன்றாக இருந்தால் அதை எடுங்கள். அரித்திருந்தால் 1983. இரண்டும் அரித்திருந்தால் பொறுங்கள், மூன்றாவது வண்டி வரும்.

கேள்வி: ஐயா, எங்கள் வண்டியில் மேல்கதவு என் தலையில் விழுந்து மூன்று தையல். ஜனவரியில் ஜெபல் அக்தர் போயிருந்தோம், அங்கேதான். மஸ்கட்டில் இருக்கும்வரை நன்றாகத்தான் நின்றது. இவர் இப்போது ஒரு கம்பை முட்டுக் கொடுக்கிறார். ரெட்டைக் கதவு என்றால் இந்தத் தொல்லை இல்லையே?
– வாசகி, சோஹார், ஓமன்

பதில்: சகோதரி, காயம் ஆறிவிட்டதா? கதவின் மேல் கோபப்படாதீர்கள், பழி முழுக்க டிக்கி ஷாக்கின் மேல், அதாவது தூக்கின கதவைத் தாங்கி நிற்கிற குழாயின் மேல். அந்தக் குழாய்க்குள் அழுத்தி அடைத்த நைட்ரஜன் வாயு இருக்கிறது. சூட்டில் அழுத்தம் கூடும், குளிரில் குறையும். மஸ்கட் வெயிலில் செத்துப்போகிற நிலையில் இருக்கிற ஷாக்கும் விறைப்பாக நிற்கும். ஜெபல் அக்தரில் சைக் பீடபூமி ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரம். ஜனவரி விடியற்காலையில் அங்கே நமக்கே கை கால் ஓடாது. பாதி வாயு போன ஷாக் என்ன செய்யும்? கைவிட்டுவிட்டது.

கம்பை எடுத்து எறியச் சொல்லுங்கள். காற்றடித்தால், யாராவது வண்டிக்குள் ஏறினால் வண்டி ஆடும், கம்பு வழுக்கும். இரண்டு ஷாக்கையும் ஜோடியாக மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் கதவு கோணும். மாட்டும்போது, கதவு மூடின நிலையில் மெல்லிய தண்டு கீழேயும் தடித்த குழாய் மேலேயும் இருக்க வேண்டும். உள்ளே இருக்கிற கொஞ்ச எண்ணெய் அப்போதுதான் சீலை நனைத்துக்கொண்டே இருக்கும். பழையதை வெட்டியோ துளைபோட்டோ பார்க்க யாரையும் விடாதீர்கள், அதில் மிச்ச அழுத்தம் இருக்கும்.

தூக்கின கதவு உங்களுக்கு எட்டவில்லை என்றால் (எட்டாமல் துள்ளிப் பிடித்து இழுக்கும்போதுதான் பலருக்கு அடிபடுகிறது) உள்பக்கம் ஒரு முழம் நாடாவைக் கட்டித் தொங்கவிடுங்கள்.

ரெட்டைக் கதவு தலையில் விழாது, வாஸ்தவம். முதுகில் அடிக்கும். மலையிறக்கத்தில் வண்டியின் மூக்கு கீழே பார்க்க நிறுத்திப் பின்கதவைப் பாதி திறந்துவிட்டு உள்ளே குனிந்து பாருங்கள், கதவு தானாக வந்து மூடும். காற்று நாளில் கேட்கவே வேண்டாம். அதோடு, சலாலாவில் கரீஃப் காலத்தில், ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர்வரை தூறிக்கொண்டே இருக்குமே, அப்போது உங்கள் மேல்கதவு ஒரு குடை. ரெட்டைக் கதவுக்காரர் நனைந்துகொண்டே பிளாஸ்க்கைத் தேடுவார்.

கேள்வி: எங்கட அப்பாவின்ர 1992 நிசான் பட்ரோல். பின்னால ரெண்டு கதவு, ஒண்டு பெரிசு ஒண்டு சின்னன். பெரிய கதவில ஸ்பெயார் டயர். குழியில விழேக்க ‘டங்’ எண்டு சத்தம். சாத்தேக்க தூக்கித்தான் சாத்த வேணும். போன வருசம் முந்தினதை விடப் பெரிய டயர் போட்டனாங்கள். டெயில்கேட் எண்டா இப்பிடி வராதோ?
– வாசகர், கிளிநொச்சி

பதில்: நீங்களே பதிலையும் எழுதிவிட்டீர்கள் தம்பி, ‘பெரிய டயர்’.

நிரம்பின வாளியை உடம்போடு ஒட்டிப் பிடித்தால் எவ்வளவு நேரமும் நிற்கலாம். அதே வாளியைக் கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். உங்கள் கீல்கள் முப்பது வருஷமாகக் கையை நீட்டிக்கொண்டு நிற்கின்றன. இரும்பு ரிம்மோடு அந்த டயர் முப்பது கிலோவுக்கு மேல் இருக்கும். வண்டி நிற்கும்போது அது வெறும் எடை. குழியில் விழும்போது அது சம்மட்டி.

வேலைக்குக் கொடுக்கும் முன்னால் நோயைக் கண்டுபிடியுங்கள். டயரைக் கழற்றிவிடுங்கள். கதவை அரை அடி திறந்து ஒருவர் கைப்பிடிப் பக்கம் தூக்கி இறக்க, நீங்கள் கீலுக்குப் பக்கத்தில் கண்ணை வைத்துப் பாருங்கள். மூன்றில் ஒன்று நடக்கும். கீல் நிற்க, நடுவில் பின் மட்டும் அசைந்தால் அதிர்ஷ்டம்தான். லேத்தில் பின்னும் புஷ்ஷும் கடைந்து போட்டால் தீர்ந்தது. கீலோடு சேர்ந்து கதவின் தகரம் மூச்சுவிடுவது மாதிரி உப்பித் தணிந்தால் கதவுக்குள்ளே சட்டம் வெடித்திருக்கிறது. கதவு நன்றாக இருந்து, வண்டியின் தூண் தகரம் அசைந்தால் அதுதான் பெரிய வேலை.

வெடிப்பின் மேல் அப்படியே வெல்டிங் இழுக்க விடாதீர்கள். வெடிப்பு முடிகிற முனையைத் தேடி, அங்கே ஒரு சின்னத் துளை போட வேண்டும். போடாவிட்டால் வெல்டிங்குக்கு அந்தப் பக்கமாக வெடிப்பு தொடர்ந்து ஓடும். பிறகு வெல்டிங், பிறகு உள்பக்கம் ஒரு உள்ளங்கை அகலத் தகடு வைத்துச் சுமையைப் பரப்ப வேண்டும். இந்தத் துளை விஷயம் தெரியாத காலத்தில் ஒரே கதவை நான் மூன்று முறை வெல்டிங் செய்திருக்கிறேன். மூன்று முறையும் காசு வாங்கினேன். அந்த மனிதர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

சரிசெய்த பிறகு பழைய அளவு டயரையே மாட்டுங்கள். பெரிய டயர்தான் வேண்டும் என்றால் பம்பரிலிருந்து தனியாக ஒரு கை வைத்து, அதற்கென்று பேரிங் போட்டு, அதில் மாட்டுங்கள். கதவு பிழைக்கும். ஆனால் கதவைத் திறக்கும் முன்னால் ஒவ்வொரு முறையும் அந்தக் கையைத் திறக்க வேண்டும்.

டெயில்கேட்டில் இப்படி வராதா என்றால், டெயில்கேட்டில் பெரும்பாலும் டயரே இருக்காது. 60 சீரிஸில் டயர் வண்டிக்கு அடியில் தொங்கும். சகதியில் பஞ்சரானால் அடியில் படுத்து அதை இறக்கிப் பாருங்கள், அப்பாவின் பட்ரோல்மேல் பாசம் வரும்.

கேள்வி: ‘பார்ன் டோர்’ என்கிறார்கள், ‘ஆம்புலன்ஸ் டோர்’ என்கிறார்கள். இரண்டும் ஒன்றா?
– வாசகர், பினாங்கு

பதில்: ஒன்றேதான். வைக்கோல் கொட்டகைக் கதவை நினைத்து ஒரு பெயர், ஸ்ட்ரெச்சரை நினைத்து ஒரு பெயர். ஜப்பானியர்கள் ‘கன்னோன்பிராக்கி’ என்கிறார்கள். கன்னோன் அவர்களுடைய கருணைத் தெய்வம். அந்தச் சிலை இருக்கிற பூஜை மாடத்தின் கதவு நடுவில் பிளந்து இரண்டு பக்கமும் திறக்கும். நம் வீட்டு சாமி அலமாரிதான்.

கேள்வி: தூசி எதில் அதிகம் வரும்? என்னிடம் இருப்பது ரெட்டைக் கதவு. மண் ரோட்டில் பத்து கிலோமீட்டர் போனால் பின்சீட்டில் பெயர் எழுதலாம்.
– வாசகர், இப்ரா, ஓமன்

பதில்: இரண்டிலும் வரும். ஓடுகிற வண்டியின் பின்னால் காற்றழுத்தம் குறையும். சக்கரம் கிளப்பின தூசி அந்த வெற்றிடத்தில்தான் சுருண்டு நிற்கும். எங்கே ஓட்டை கிடைக்கிறதோ அங்கே வண்டி அதை உள்ளே உறிஞ்சும். ரெட்டைக் கதவில் நடுக்கோடு, அதிலும் அந்தக் கோடு அடியில் வாசற்படியைத் தொடுகிற இடம். டெயில்கேட்டில் மேல்பாதியும் கீழ்ப்பாதியும் சேர்கிற கோட்டின் இரண்டு முனைகள். கதவைச் சுற்றி ஓடுகிற பீடிங் ரப்பர் ஒன்றோடொன்று சந்திக்கிற இடம்தான் எப்போதும் குற்றவாளி.

ஒரு காகிதத் துண்டைப் பீடிங்கின்மேல் வைத்துக் கதவைச் சாத்தி இழுங்கள். காகிதம் வராமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டால் சரி. வெண்ணெயில் உருவுவது மாதிரி வந்தால் அந்த இடத்தில் ரப்பர் செத்துவிட்டது. ஒரு சாணுக்கு ஒருமுறை சுற்றிலும் பாருங்கள். பீடிங் புதிதாக இருந்தும் காகிதம் நழுவினால் கதவு தொங்கியிருக்கிறது, மேலே பட்ரோல் தம்பிக்குச் சொன்னதைச் செய்யுங்கள்.

இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. மண் ரோட்டில் ஜன்னல் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு, ஃபேனை வெளிக்காற்றில் வைத்துப் பெரிதாக ஓடவிடுங்கள். உள்ளே அழுத்தம் கூடினால் ஓட்டை வழியாகக் காற்று வெளியே போகும், தூசியை உள்ளே விடாது. முன்னால் வண்டி போனால் இது எடுபடாது, அவருடைய தூசியையே உறிஞ்சிக் கொடுக்கும். தள்ளிப் போங்கள்.

கேள்வி: நண்பரிடம் டெயில்கேட் 60 சீரிஸ் இருக்கிறது. அதை ரெட்டைக் கதவாக மாற்றித் தருவதாக ஒரு பட்டறையில் சொல்கிறார்கள். செய்யலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: வேண்டாம்.

இவ்வளவுதான் எழுத நினைத்தேன், ஆனால் நானே ஒருமுறை செய்திருக்கிறேன் என்பதால் காரணமும் சொல்ல வேண்டும். கதவைக் கழற்றி வேறு கதவு மாட்டுவது சின்ன வேலை. கதவு எதில் தொங்கும்? டெயில்கேட் வண்டியின் பக்கத் தூணுக்குக் கதவைச் சுமந்து பழக்கம் இல்லை. கீல் உட்காரும் இடத்தில் உள்பலம் கிடையாது. லாக் விழுகிற இடம், பீடிங் ஓடுகிற விளிம்பு எல்லாமே வேறு. நான் ரெட்டைக் கதவு வண்டி ஒன்றின் பின்வாசல் சட்டத்தையே வெட்டி எடுத்து ஒட்டினேன். ஐந்து வாரம். பார்க்க அழகாக இருந்தது. முதல் மழைக்கு இடது மூலையில் தண்ணீர், முல்கியா (அங்கே வண்டியின் ஆர்சி) புதுப்பிக்கப் போன இடத்தில் ஆயிரம் கேள்வி. நம் ஊரில் மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, ஆர்சியில் உள்ள விவரம் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. ரெட்டைக் கதவு ஆசை இருந்தால் ரெட்டைக் கதவு வண்டியைத் தேடச் சொல்லுங்கள்.

கேள்வி: பன்னிரண்டு அடி பைப் ஏற்ற வேண்டியிருக்கிறது. டெயில்கேட்டைச் சாய்த்து, மேல்கதவைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஓட்டலாமா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: தூசிக்குச் சொன்னதேதான் புகைக்கும். உங்கள் சைலன்சர் விடுகிற புகை வண்டிக்குப் பின்னால் சுருண்டு, திறந்த வாசல் வழியாக உள்ளே வரும். அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு மணம் கிடையாது. தலைவலி, தூக்கம், அப்புறம் ஒன்றும் தெரியாது. பைப்பைக் கூரை கேரியரில் கட்டுங்கள். சாய்த்த டெயில்கேட் நம்பர் பிளேட்டை மறைத்து போலீஸ்காரரிடம் நிற்க வைப்பது தனிக் கதை. ரெட்டைக் கதவில் ஒன்றைத் திறந்து கயிறு கட்டி ஓட்டுகிறவர்களுக்கும் இதே பதில்தான்.

கேள்வி: இவ்வளவு சொல்கிறீர்களே, உங்கள் வண்டியில் எந்தக் கதவு?
– வாசகர், பணகுடி

பதில்: பணகுடி! பக்கத்து ஊரிலிருந்து கேட்டால் பொய் சொல்ல முடியாது. என்னிடம் இருப்பது மாருதி ஆம்னி. பின்கதவு ஒற்றையாக மேலே தூக்குவது. டிக்கி ஷாக் போய் மூன்று மாதமாகிறது. வேப்பங்கம்பு ஒன்று வைத்திருக்கிறேன். சோஹார் சகோதரிக்கு இதைக் காட்ட வேண்டாம்.